யாரோ நினைக்கிறாங்க

அப்பாவுக்குப் புரை ஏறியபோது அம்மா அவர் தலையில் தட்டிக்கொண்டே, "உங்க தங்கச்சிதான் நெனைக்கறாளாட்ட இருக்குதுங்க" என்றாள். நான் சிரித்தேன். என் கையில் ஜூஸ் டம்ளர் இருந்தது. இரண்டு செந்தூரம் பழம், பால், நாலு ஐஸ் கட்டி, மிக்சியில் ஒரே அடி. பக்கவாதம் வந்து கோவை ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தவருக்கு மகன் கையால் ஏதாவது செய்து கொடுக்க வேண்டும் என்று ஆசை. எனக்குச் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான். டம்ளர் காலியாவதற்குள் நாலு தடவை இருமினார். நாலு தடவையும் யாரோ நினைத்தார்கள்.

மூன்றாம் நாள் காய்ச்சல், நெஞ்சில் கர்கர் சத்தம். மறுபடி ஆஸ்பத்திரி, இன்னொரு ஆறு நாள். ஜூஸ் போக வேண்டிய வழியில் போகாமல் நுரையீரலுக்குப் போயிருந்தது. முதல் டிஸ்சார்ஜ் தாளின் இரண்டாம் பக்கத்தில், கெட்டியான பானம் மட்டும் கொடுக்கவும் என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள். நாங்கள் மாத்திரை எழுதியிருந்த முதல் பக்கத்தை மட்டும் பார்த்திருந்தோம். தினமும் ஆயிரம் வரி கோட் படிக்கிறவன் ஒரு தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை.

இரண்டாம் முறை வந்தபோது ஸ்பீச் தெரபிஸ்ட் ஒருவர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். என்னைவிடப் பத்து வயது சின்னவராக இருப்பார். கெட்டியான சோறுதான் அடைக்கும், தண்ணீர் தானாக இறங்கிவிடும் என்று நாம் நினைக்கிறோம். அவர் சொன்னது நேர் தலைகீழ். "தண்ணிதாங்க இருக்கறதுலயே கஷ்டம். வாயில வெச்ச ஒடனே ஓடிரும். அப்பாவோட தொண்டை மூச்சுக்குழாய மூடறதுக்குக் கொஞ்சம் லேட்டாகுது. அதுக்குள்ள தண்ணி போய்ச் சேந்துரும். மெதுவா நகர்ற மாதிரி இருந்தா அவருக்கு டைம் கெடைக்கும்." அதோடு ஒன்றும் சொன்னார்: இருமல் வந்தால் நல்லது, இருமாமலேயே உள்ளே இறங்குகிறவர்களும் உண்டு, அவர்களைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்குப் புரை ஏறினாலும் யாரும் தலையில் தட்டுவதில்லை.

கெட்டி என்றால் எவ்வளவு கெட்டி? அதற்கு ஓர் அளவு இருக்கிறது. ஐ.டி.டி.எஸ்.ஐ. என்று உலகம் முழுக்கப் பொதுவாக வைத்திருக்கிறார்கள். 0 முதல் 7 வரை எட்டு நிலைகள். 0 என்பது தண்ணீர், 7 என்பது நாம் சாப்பிடும் சாதாரணச் சாப்பாடு. பானத்தின் கெட்டியை அளக்க லேபும் வேண்டாம், மெஷினும் வேண்டாம். ஒரு 10 மி.லி. சிரிஞ்ச் போதும். பிஸ்டனை உருவிவிட்டு, நுனியை விரலால் அடைத்து, 10 மி.லி. வரை ஊற்ற வேண்டும். விரலை எடுத்து பத்து நொடி ஒழுகவிட்டு மறுபடி அடைக்க வேண்டும். உள்ளே 1 முதல் 4 மி.லி. மிச்சமிருந்தால் நிலை 1. 4 முதல் 8 என்றால் நிலை 2. 8-க்கு மேல் நின்றால் நிலை 3. ஒரு சொட்டும் விழவில்லையென்றால் நிலை 4, அது ஸ்பூனில் சாப்பிடுகிற சமாச்சாரம். எல்லா சிரிஞ்சும் ஆகாது. 0 கோட்டிலிருந்து 10 கோடு வரை 61.5 மில்லிமீட்டர் நீளம் இருக்க வேண்டும். உடுமலையில் மூன்று மெடிக்கலில் ஸ்கேலோடு போய் நின்றேன். மூன்றாவது கடைக்காரர், "ஏனுங்க தம்பி, சிரிஞ்சுக்குச் சட்டை தெக்கறீங்களா?" என்று கேட்டார்.

அப்பாவுக்கு வந்தது நிலை 3.

கெட்டிப்படுத்தும் பவுடர் விற்கிறார்கள். தண்ணீரில் கலந்து கொடுத்தோம். அப்பா நாக்கை நீட்டி வழித்துத் துப்பினார். ராகிக் கஞ்சியும் அரிசிக் கஞ்சியும் கெட்டிதானே என்று காய்ச்சினோம். அங்கே ஒரு வேடிக்கை. கிண்ணத்தில் ஊற்றும்போது சரியாக இருக்கும் கஞ்சி, பாதி ஊட்டுவதற்குள் நீர்த்துப்போகும். எச்சில் பட்ட ஸ்பூன் திரும்பக் கிண்ணத்துக்குள் போவதுதான் காரணம். எச்சிலில் இருக்கும் அமிலேஸ் மாவுச்சத்தை வெட்டிவிடுகிறது. "எச்சக்கை பட்டா கஞ்சி தண்ணியாப் போயிரும்" என்று எங்கள் ஆத்தா சொல்வார். தீட்டு பேசுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது நொதி.

அப்படித்தான் பழத்துக்கு வந்தேன். பழக்கூழின் கெட்டி பெரும்பாலும் பெக்டினாலும் உடைந்த செல்சுவர்களாலும் வருவது. எச்சில் அதை ஒன்றும் செய்யாது. பெங்களூரில் ஸ்மூத்தி என்று 280 ரூபாய்க்கு விற்கும் சாமானுக்குத் தமிழில் பேர் இல்லை என்று நண்பர்கள் வருத்தப்படுவார்கள். கூழ் என்று ஒரு வார்த்தை இருக்கிறதே.

ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கணியூர் டோல்கேட் கணியூர் அல்ல. அது கருமத்தம்பட்டிப் பக்கம், கோவை–அவிநாசி ரோட்டில். இது மடத்துக்குளம் தாலுகா. அமராவதிப் பாசனம். தென்னை, கரும்பு, நெல். தேங்காய்க்குப் பஞ்சமே இல்லாத ஊரில் ஸ்மூத்திக்கு யோகர்ட் தேடி நான் ஒரு வாரம் வீணாக்கினேன் என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

அம்மாவிடம் இருப்பது அரசாங்கம் கொடுத்த விலையில்லா மிக்சி. திட்டம் 2011-ல் தொடங்கியது, மிக்சி இன்னும் ஓடுகிறது. தேங்காய்ப்பாலை முதல் பாலாக, தண்ணீர் அதிகம் விடாமல் எடுக்க வேண்டும். அதை ஃப்ரிட்ஜில் வைத்த அன்று பானம் முழுக்க மணல் மணலாகத் திரிந்தது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், மார்கழியில் பாட்டிலில் பார்க்கிறோமே அதேதான். மிக்சியை நிறுத்தாமல் ஓட்டினால் சூடேறி எண்ணெய் தனியாக மிதக்கும். விட்டு விட்டு ஓட்ட வேண்டும்.

முதல் சரியான கலவை இதுதான்: செந்தூரம் பழக்கூழ் அரைக் கப், நன்றாகக் கனிந்த பூவன் பழம் ஒன்று, ஒரு மூடித் தேங்காயின் முதல் பால் அரை டம்ளர். ஐஸ் கிடையாது. ஐஸ் வாய்க்குள் போய் உருகினால் அது தண்ணீர், தண்ணீர் என்றால் நிலை 0. ஐஸ்கிரீமும் அப்படியே. சிரிஞ்சில் 9.2 நின்றது. நான் குதித்தேன். அரை மணி கழித்து, சந்தேகத்துக்கு மறுபடி பார்த்தேன். 7.1.

எங்கே போயிற்று? மிக்சி அடித்த காற்று. நுரை இருக்கும்வரை கெட்டி மாதிரி காட்டுகிறது, குமிழிகள் உடைந்ததும் உண்மை தெரிகிறது. இன்னொரு நாள் நாட்டு மாம்பழம் போட்டேன். ஒரு சொட்டுகூட விழவில்லை, அபாரக் கெட்டி. பார்த்தால் சிரிஞ்ச் நுனியில் நார் அடைத்திருந்தது. டெஸ்ட் பாஸ் ஆகிறது, சாஃப்ட்வேர் உடைந்திருக்கிறது. எங்கள் தொழிலில் அன்றாடம் நடப்பதுதான். ஆனால் அங்கே யாருக்கும் நிமோனியா வராது. அன்றிலிருந்து இரண்டு தடவை வடிகட்டி, இருபது நிமிஷம் ஆறவிட்டு, பிறகுதான் அளப்பது.

ஆறவிடுவது அப்பாவின் பாடம். அவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருபத்தேழு வருஷம் கட்டிங் மாஸ்டர். சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு ராத்திரி வருவார், திங்கள் விடியலில் முதல் பஸ்ஸைப் பிடிப்பார். பின்னல் துணி ரோலில் இறுக்கமாகச் சுற்றியிருக்கும். பிரித்ததும் வெட்டினால், தைத்த பிறகு சுருங்கும். விரித்துப் போட்டு, ஒரு ராத்திரியாவது அதன் போக்கில் விட வேண்டும். அவசர ஆர்டர் என்று முதலாளி கத்தினாலும் அப்பா கத்தரியைத் தொடமாட்டார். துணியின் கனத்தைப் பார்க்க ஜி.எஸ்.எம். கட்டர் என்று வட்டமாக ஒரு கருவி உண்டு. துணிமேல் வைத்து அழுத்தித் திருப்பினால் சரியாக 100 சதுர சென்டிமீட்டர் வில்லை வெட்டும். அதன் எடையை நூறால் பெருக்கினால் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம். அப்பா முதலில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் துணியைத் தேய்த்துப் பார்த்து, "நூத்தி அறுவது" என்பார். பிறகுதான் தராசு. சின்ன வயதில் என் பள்ளிக்கூடச் சட்டைக்கும், கல்யாண வீட்டில் ஒறம்பரை போட்டிருந்த டீ சர்ட்டுக்கும்கூட இப்படித்தான் எண் சொல்வார். எனக்கு வெட்கமாக இருக்கும்.

மாம்பழக் காலம் முடிந்தபோது சிக்கல் வந்தது. அவருக்குச் சர்க்கரையும் உண்டு என்பதால் மாம்பழத்தையே அளந்துதான் கொடுத்துக்கொண்டிருந்தோம். பின்பக்கத்துப் பப்பாளியைப் பசும்பாலோடு அடித்து, பாதியைச் சாயந்தரத்துக்கு எடுத்துவைத்தேன். சாயந்தரம் கசந்தது. பப்பாளியின் பப்பைன் பாலின் கேசீன் புரதத்தை வெட்டுகிறது, வெட்டுப்பட்ட துண்டுகள் கசக்கும். அன்னாசியும் பாலும் சேர்ந்தாலும் இதே கதை. தேங்காய்ப்பாலில் கேசீன் கிடையாது. போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் அன்னாசியைத் தேங்காய்ப்பாலோடு சேர்த்து, 1978-ல் அதையே தங்கள் அதிகாரபூர்வப் பானமாக அறிவித்துக்கொண்டது சும்மா இல்லை. அதில் ரம்மும் உண்டு, அம்மாவிடம் அந்தப் பகுதியைச் சொல்லவில்லை. கடைசியில் கைகொடுத்தது பட்டர் ஃப்ரூட். தாண்டிக்குடி, கொடைக்கானல் கீழ்மலைப் பக்கம் விளைவது. இனிப்பு குறைவு, நார் இல்லை, நுரைக்கவும் செய்யாது. பாதிப் பழம், பப்பாளி நாலு துண்டு, தேங்காய்ப்பால், ஒரு சிட்டிகை ஏலக்காய். 8.6. அரை மணி கழித்தும் 8.6.

ஆவணியில் பழனியிலிருந்து அத்தை வந்தார். அப்பாவைப் பார்த்ததும் அழுதுவிட்டு, பையிலிருந்து பஞ்சாமிர்த டப்பாவை எடுத்து, விரலில் தொட்டு அண்ணன் வாயருகே கொண்டுபோனார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். பிடித்தேன் என்பது மரியாதையாகச் சொல்வது. தட்டிவிட்டேன். சிமெண்டுத் தரையில் பிரசாதம் சிந்தியது.

"சாமி பிரசாதத்தைத் தட்டறயே, உனக்கு நல்லா இருக்குமா கண்ணு?"

"அதுல பேரீச்சை இருக்குதுங்க அத்தை, கல்கண்டு இருக்குது. ஒட்டிக்கும். தொண்டையில நின்னுக்கும்."

"முப்பது வருசமா நாந்தான் கொண்டாந்து குடுக்கறேன். அண்ணனுக்கு இதா ஆகாது?"

கெட்டியாக இருந்தால் மட்டும் போதாது, ஒட்டவும் கூடாது. ஸ்பூனைச் சாய்த்தால் வழுக்கி விழ வேண்டும். பஞ்சாமிர்தம் அதற்கு நேர் எதிர். தண்ணீர் சேர்க்காமல், ஈரம் குறைந்த மலைவாழையைச் சர்க்கரையோடும் நெய் தேனோடும் பிசைவதால்தான் அது நாள் கணக்கில் கெடாமல் நிற்கிறது. 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது அந்தக் குணத்துக்கும் சேர்த்துத்தான். இதையெல்லாம் அத்தையிடம் சொல்ல முடியுமா? அவர் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார். காபி வேண்டாம் என்றார்.

அம்மாதான் வழி சொன்னாள். டப்பாவிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து மிக்சியில் போட்டு, தேங்காய்ப்பாலும் பட்டர் ஃப்ரூட்டும் சேர்த்து அடித்து, இரண்டு தடவை வடிகட்டினோம். "பிரசாதத்தை மிக்சில போடறதா" என்று முனகிக்கொண்டே அத்தை எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷமும் நாங்கள் மூவரும் ஒரு சிரிஞ்சைச் சுற்றி, அபிஷேகத்துக்குக் காத்திருப்பது போல நின்றோம். 8.4. அத்தை தன் கையாலேயே ஊட்டினார், நான் சொன்னபடி, தலையைக் கொஞ்சம் முன்னால் குனியவைத்து, ஒவ்வொரு வாய்க்கும் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு. ஆறு ஸ்பூன். ஒரு இருமல் இல்லை.

அப்பா இடது கையை நீட்டினார். அதுதான் வேலை செய்கிற கை. கிண்ணத்தின் விளிம்பில் ஒட்டியிருந்ததைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் எடுத்துத் தேய்த்தார். உதடு அசைந்தது. அத்தைக்குப் புரியவில்லை. "நூத்தி..." என்பது வரை எனக்குக் கேட்டது.

அதற்கப்புறம் அவர் தெளிவாகச் சொன்ன முதல் வார்த்தை ருசியைப் பற்றியது அல்ல. கார்த்திகையில் ஒரு நாள், நான் பெருமையாக ஸ்மூத்திக் கிண்ணத்தோடு போய் உட்கார்ந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு, "தண்ணி" என்றார். "பச்சத்தண்ணி." ஏழு மாதமாக அவர் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மி.லி. கணக்கில் எக்செல் போட்டு வைத்திருந்தேன், நீர்ச்சத்து சரியாக இருந்தது. தாகம் அதில் ஒரு காலமாக இல்லை.

தெரபிஸ்டிடம் கேட்டோம். அவர் மறுபடி சோதித்துப் பார்த்து, நிலை 2-க்கு இறக்கினார். தண்ணீருக்கும் ஒரு வழி சொன்னார். அமெரிக்காவில் லூயிவில் நகரத்தின் ஃப்ரேசியர் மறுவாழ்வு மையத்தில் 1980-களில் தொடங்கிய முறையாம். வாய் சுத்தமாக இருந்தால், சாப்பாட்டு நேரத்தில் அல்லாமல், கொஞ்சம் வெறும் தண்ணீர் கொடுத்துப் பார்க்கலாம். துளி உள்ளே போனாலும் சுத்தமான தண்ணீரை நுரையீரல் உறிஞ்சிக்கொள்ளும். ஆபத்து வாயிலிருக்கும் கிருமியிலும் உணவுத் துணுக்கிலும்தான். எல்லாருக்கும் இது ஆகாது, அப்பாவுக்குப் பார்க்கலாம் என்றார். ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு மூன்று ஸ்பூன்.

மறுநாள் காலையில் நானே அப்பாவுக்குப் பல் தேய்த்துவிட்டேன். நாக்கை வழித்து, ஈறைப் பனியன் துணியால் துடைத்தேன், அவர் திருப்பூரிலிருந்து கொண்டுவந்து போட்ட துண்டுத் துணிதான், பரணில் இன்னும் ஒரு மூட்டை இருக்கிறது. அம்மா பானையிலிருந்து தண்ணீர் எடுத்து வந்தாள். நிமிர்த்தி உட்காரவைத்து, முதல் ஸ்பூனை நாக்கில் விட்டேன். அவர் விழுங்கவில்லை. வாயை மூடிக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு, அதை அப்படியே வைத்திருந்தார். நான் பழக்கத்தில் எண்ண ஆரம்பித்தேன். ஏழு, எட்டு. தொண்டை ஏறி இறங்கியது. அம்மா என் தோளைப் பிடித்திருந்தாள். நாங்கள் இருமலுக்காகக் காத்திருந்தோம்.

அப்பா மறுபடி வாயைத் திறந்தார்.