புதுசைப் பழசாக்க ஒரு தஞ்சாவூர் டிரிப்!

நீங்க தஞ்சாவூருக்கு எதுக்குப் போவீங்க? பெரிய கோயில் பார்க்க, க்ளாஸ்மேட் அக்கா கல்யாணத்துல ஒரு பிடி பிடிக்க, அதுவும் இல்லைன்னா அரியர் எழுதின கையோட புன்னைநல்லூர் மாரியம்மனுக்கு ஒரு வேண்டுதல் போட. நான் போனது, நீர்மூழ்கிக் கப்பலுக்கு எப்படி பெயின்ட் அடிக்கிறதுன்னு தெரிஞ்சுக்க. அட, சிரிக்காதீங்க பாஸ்... நிஜமாத்தான்!

கதை இதுதான். எங்க ஹாஸ்டல் ரூம்ல மெக்கானிக்கல் ரெண்டு, ஈ.சி.ஈ. ரெண்டுன்னு நாலு பேர். காலேஜ் டெக்னிக்கல் ஃபெஸ்டிவலுக்காக ரிமோட்டில் ஓடும் நீர்மூழ்கி மாடல் ஒன்று செய்துகொண்டிருக்கிறோம். உடம்பு, நாலு இன்ச் பி.வி.சி. பைப். வெளி விட்டம் 110 மில்லிமீட்டர், நீளம் 60 சென்டிமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்க, கிட்டத்தட்ட 5.7 லிட்டர் கொள்ளளவு. அதாவது மொத்த எடை 5.7 கிலோவைத் தொட்டால்தான் அது தண்ணீருக்குள் போகவே சம்மதிக்கும். பேட்டரி, மோட்டார், ஈயக்கட்டி எல்லாம் போட்டு எடையைக் கொண்டுவந்துவிட்டோம். ரேடியோவும் ஓகே. இப்போது கடையில் கிடைக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் இந்த வேலைக்கு ஆகாது. ஒரு ஜாண் ஆழத்திலேயே தண்ணீர் அந்த அலையை விழுங்கிவிடும். பழைய 27, 40 மெகாஹெர்ட்ஸ் செட்தான் நல்ல தண்ணீரில் சில மீட்டர் ஆழம் வரை பேசும். உப்புத் தண்ணீரில் அதுவும் ஊமை. ஆக, நம்ம மாடல் மெரினாவுக்கு லாயக்கில்லை, குளத்துக்குத்தான்!

எல்லாம் முடிந்து பார்த்தால், பாத்ரூமிலிருந்து தப்பித்து வந்த பைப் மாதிரியே இருக்கிறது. இங்கேதான் பெயின்ட் வருகிறது. வெறுமனே கறுப்பு அடித்தால் போதாது. மாடல் பண்ணுகிறவர்கள் உலகத்தில் ‘வெதரிங்’ என்று ஒரு சமாசாரம் உண்டு. புத்தம்புது மாடலை, பல வருஷம் கடலில் கிடந்து வந்ததுபோல் அழுக்காக்கும் கலை. உப்பு பூத்த வெள்ளை, துரு வழிந்த கோடு, தண்ணீர் மட்டத்தில் ஒட்டிய பாசி, வெயிலில் சாம்பல் நிறமாய் வெளுத்த கறுப்பு... இத்தனையும் வேண்டும். நிஜத்தைப் பார்க்கணும்னா விசாகப்பட்டினம் கடற்கரைக்குப் போங்க. 1969-ல் கடற்படையில் சேர்ந்து, 2001-ல் ஓய்வுபெற்ற ‘ஐ.என்.எஸ். குர்சுரா’வை 2002-ல் அங்கே மியூசியமாக்கி நிறுத்தியிருக்கிறார்கள். 91 மீட்டர் நீளம். உள்ளேயே நடந்து பார்க்கலாம். நம்ம மாமல்லபுரத்துக்கும் ‘ஐ.என்.எஸ். வாக்லி’ வரும் என்றார்கள். அந்தக் கப்பல் 2010-ல் ஓய்வுபெற்றது. மியூசியம்தான் வரவேயில்லை.

விசாகப்பட்டினம் போக பட்ஜெட் இல்லை. எங்க ரூமில் ஒருத்தன் தஞ்சாவூர்க்காரன். “எங்க ஊர் தலையாட்டி பொம்மையைப் பண்றவங்களுக்குத் தெரியாத பெயின்ட்டாடா? வா போலாம்” என்றான். சனிக்கிழமை காலை பஸ் ஏறிவிட்டோம்.

ஆவணி மாசம். கல்லணைக் கால்வாயில் தண்ணீர் சுழித்து ஓடுகிறது. ஊர்க்காரர்களுக்கு அது இன்னும் ‘புது ஆறு’தான், வெட்டி முடித்தது 1934-ல் என்றாலும். நம்ம மாடலை இதில் விட்டால் அடுத்து எந்த ஊர் மதகில் மாட்டுமோ! ஊரைத் தாண்டிக் கிழக்கே நாலைந்து கிலோமீட்டர் போனால் புன்னைநல்லூர். வழியெல்லாம் குறுவை பச்சைப் பசேல் என்று நிற்கிறது. கோயிலுக்குப் போகும் பாதையில் கடை கடையாய்ப் பொம்மைகள். லேசாகத் தட்டினால் மொத்த வரிசையும் ‘ஆமா ஆமா’ என்று தலையாட்டுகிறது. நம்ம வைவாவில் நாம ஆட்டுவது போலவே!

பொம்மை பண்ணுகிற பெரியவர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் எங்களை உட்காரவைத்தார். அறுபதைத் தாண்டிய வயசு. கைவிரல் நகங்களில் சிவப்பும் பச்சையும். நவராத்திரி நெருங்குவதால் வீடு முழுக்க தலைகள், பாவாடைகள், உடல்கள் என்று தனித்தனியாகக் காய்ந்துகொண்டிருந்தன. நாலு பாகமாகக் கம்பியில் உட்கார்ந்து ஆடும் டான்ஸ் பொம்மை ஒரு ரகம். விழுந்து விழுந்து எழும் ராஜா-ராணி இன்னொரு ரகம். நமக்கு முக்கியம் இரண்டாவது.

அதன் ரகசியம் சிம்பிள். அடியில் அரைக்கோளமாகக் களிமண், நல்ல கனம். மேலே காகிதக்கூழ், காற்று மாதிரி லேசு. கூழில் மரவள்ளிக்கிழங்கு மாவுப் பசையும், பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தமும் கலப்பது பழைய முறை. இப்போது பல இடங்களில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வந்துவிட்டது. அச்சில் ஒட்டி, வெயிலில் காயவைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளை பூசி, அப்புறம்தான் கலர். கடைசியில் கண். கண்ணை மட்டும் பெரியவர் வேறு யாரையும் தொடவிடுவதில்லை. மூச்சை அடக்கி, ஒரே இழுப்பு.

“தலையில வெள்ளை ஜாஸ்தி பூசிட்டா பொம்மை சோம்பேறியா ஆடும் தம்பி. பாருங்க...” என்று இரண்டு பொம்மைகளைத் தட்டிவிட்டார். ஒன்று விறுவிறு என்று ஆடி நின்றது. இன்னொன்று தூக்கம் கலையாத ஃபர்ஸ்ட் பென்ச் மாதிரி மெதுவாகச் சாய்ந்து, மெதுவாக வந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதைத்தானே கப்பல் கட்டுகிற புஸ்தகத்தில் மூணு அத்தியாயம் எழுதி வைத்திருக்கிறார்கள்! பொம்மையின் ஈர்ப்பு மையம், அடி அரைக்கோளத்தின் மையத்துக்குக் கீழே இருக்கும்வரை அது எழுந்து நிற்கும். எவ்வளவு கீழேயோ அவ்வளவு சுறுசுறுப்பு. மிதக்கும் கப்பலுக்கு அந்தக் கோள மையத்தின் இடத்தில் ‘மெட்டாசென்டர்’. முழுசாக மூழ்கிய நீர்மூழ்கிக்கு அந்த வசதியும் கிடையாது. மிதப்பு மையத்துக்குக் கீழே ஈர்ப்பு மையம் இருந்தே ஆக வேண்டும், இல்லையேல் குட்டிக்கரணம்தான். நம்ம மாடலின் நடுவில் நிமிர்ந்து நிற்கும் கோபுரத்தில் பட்டியும் பெயின்ட்டும் அப்பு அப்பு என்று அப்பக்கூடாது என்பது இப்படித்தான் புரிந்தது. ஈயத்தை வயிற்றடியில் ஒட்டணும், மேலே மெல்லிசாகப் பூசணும். ஒரு செமஸ்டர் பாடம், ஒரு தட்டில் முடிந்தது.

அடுத்து, வந்த விஷயத்தைச் சொன்னேன். “ஐயா, புது மாடலைப் பழசு மாதிரி ஆக்கணும்.” பெரியவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

“காசு குடுத்து பெயின்ட் வாங்கி, புதுசைப் பழசாக்கப் போறீங்களா?”

“ஆமாங்கய்யா.”

“நாங்க இங்க அம்பது வருஷமா அது பழசாகாம இருக்க என்ன வழின்னு தேடிட்டிருக்கோம்...”

உள்ளே சமையலறையிலிருந்து அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. ஆனால் பெரியவர் சிரிக்கவில்லை. எழுந்து போய்ப் பரணிலிருந்து துணியில் சுற்றிய ஒரு ராணியை எடுத்துவந்தார். கும்பகோணம் பக்கம் ஒரு குடும்பத்தில் மூன்று தலைமுறையாகக் கொலுவில் நின்ற பொம்மையாம். ‘இந்த வருஷம் பளிச்சுனு பண்ணிக் குடுங்க’ என்று மருமகள் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். கூடவே வந்த மாமியார், வாசல் வரை போனவர் திரும்பி வந்து, ‘முகத்துல மட்டும் கைவைக்காதீங்க’ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பத்து நாளாகப் பெரியவர் அதைத் தொடவில்லை.

“கிட்ட வந்து பாருங்க” என்றார். பார்த்தோம். மூக்கு நுனியில் கலர் போய் வெள்ளை தெரிந்தது. கிரீடத்தின் விளிம்பும் அப்படித்தான். தட்டித் தட்டி ஆட்டிய இடது தோளில் விரல் அகலத்துக்கு ஒரு தேய்மானம். சேலை மடிப்புகளின் பள்ளத்தில் மட்டும் கறுப்பாகத் தூசியும் விளக்குப் புகையும் படிந்திருந்தது. “கை படுற இடம் தேயும். கை படாத இடத்துல அழுக்கு நிக்கும். வேற ஒண்ணுமில்ல தம்பி” என்றார்.

வெதரிங் பண்ணுகிறவர்கள் உலகம் முழுக்க இதைத்தான் செய்கிறார்கள். கலரைத் தண்ணீராகக் கரைத்துப் பூசினால் அது பள்ளங்களில் போய்த் தங்கும், அதற்குப் பேர் ‘வாஷ்’. பிரஷ்ஷைக் கிட்டத்தட்டக் காயத் துடைத்துவிட்டு விளிம்புகளில் மட்டும் உரசினால் ‘டிரை பிரஷ்’. துருக்கோட்டுக்குச் சாக்பீஸ் பவுடர். ஆனால் எங்கே தேயும், எங்கே படியும் என்று யோசிக்காமல் இஷ்டத்துக்கு அழுக்காக்கினால் சேற்றில் விழுந்த பைப் மாதிரிதான் இருக்கும். நீர்மூழ்கியில் கை படாது, தண்ணீர் படும். மேலே எழும்போது வெளிக்கூட்டின் ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் வடியும். கோடுகள் அந்த ஓட்டைகளிலிருந்துதான் தொடங்கி நேர் கீழே இறங்கணும். மாலுமிகள் நடக்கிற மேல்தளம் நடுவில் தேய்ந்திருக்கணும். எல்லாம் முடிந்ததும் மேலே பளபளப்பில்லாத வார்னிஷ் ஒரு கோட். இல்லாவிட்டால் முதல் முங்கலிலேயே அத்தனை வயசும் கழுவிப் போய்விடும்!

“அந்த முகத்தை என்ன பண்ணப்போறீங்க ஐயா?” என்று கேட்டான் நண்பன்.

“சேலைக்குப் புதுசு. கிரீடத்துக்குப் புதுசு. முகத்தைப் பஞ்சால துடைச்சுக் குடுத்துடுவேன். மருமக கோச்சுக்கும்... பரவால்ல. அந்தக் கண்ணு எங்கப்பா வரைஞ்சது. இழுப்பைப் பாத்தாலே தெரியும். அது மேல நான் பூசினா, அப்புறம் அதை எங்க போய்ப் பார்ப்பேன்?”

அவருடைய மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். நவராத்திரிக்கு முந்தைய இரண்டு மாசம் மட்டும் லீவு போட்டு வந்து அச்சு ஊற்றிக் கொடுக்கிறார். கண் வரையக் கற்றுக்கொள்ளவில்லை. ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் எதுவும் காயாது, வேலையும் கிடையாது. தஞ்சாவூர் பொம்மைக்குப் புவிசார் குறியீடெல்லாம் வாங்கியாச்சு. ஆனா அந்தச் சான்றிதழ் மழைக்காலத்தில் அரிசி வாங்கித் தராது என்பதைப் பெரியவர் அலுத்துக்கொள்ளாமல், ஏதோ பஸ் டைமிங் சொல்வது மாதிரி சொன்னார். எனக்குத்தான் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

மதியத்துக்கு மேல் பெரிய கோயில். அந்த முகப் பஞ்சாயத்து இங்கேயும் நடந்திருக்கிறது, தெரியுமோ? ராஜராஜன் 1010-ல் கட்டி முடித்த கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள இருட்டுப் பாதையில் சோழர் காலத்து ஓவியங்கள். அதற்கு மேலேயே நாயக்கர் காலத்தில் புதுசாகச் சுதை பூசி வேறு ஓவியம் தீட்டிவிட்டார்கள். அடியில் ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே.கோவிந்தசாமி உள்ளே போய்ப் பார்த்துத்தான் விஷயம் வெளியே வந்தது. சோழர் ஓவியத்தைப் பார்க்க வேண்டும் என்றால் நாயக்கர் ஓவியத்தை எடுக்க வேண்டும். அதுவும் சில நூறு வருஷப் பழசு! தொல்லியல் துறையினர் மேல் அடுக்கைச் சேதமில்லாமல் உரித்து, தனிப் பலகைகளில் ஒட்டிக் காப்பாற்றினார்கள். இரண்டு கட்சிக்கும் நியாயம். அந்தப் பாதைக்குள் நம்மை விடமாட்டார்கள். கோயில் வளாகத்தில் இருக்கும் விளக்க மையத்தில் படங்களைப் பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலான டூரிஸ்ட்டுகள் அந்தப் பக்கமே திரும்புவதில்லை. நீங்க திரும்புங்க.

இன்னொரு விஷயம். ராஜேந்திர சோழன் 1025-ல் கடாரம் வரை கடற்படையை அனுப்பினான் என்பது நமக்கு மனப்பாடம். ஜெயித்த ஊர்களின் பட்டியல் இந்தக் கோயில் கல்வெட்டிலேயே இருக்கிறது. ஊர்ப் பேர்தான் இருக்கிறதே தவிர, கப்பலுக்கு என்ன கலர் அடித்தார்கள் என்று கல்வெட்டில் ஒரு வரி கிடையாது. மாடல் பண்ணுகிறவனின் வயிற்றெரிச்சல் இது!

அரண்மனைக்கு ஓட்டமாய் ஓடி ஒரு ரவுண்ட் அடித்தோம். தரங்கம்பாடியில் கரை ஒதுங்கிய திமிங்கலத்தின் எலும்புக்கூடு அங்கே மாடியில் கிடக்கிறது. நம்ம மாடலின் தாத்தா என்று நண்பன் அதற்கு ஒரு கும்பிடு போட்டான்.

நீங்களும் போறதா இருந்தா சில டிப்ஸ். பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து புன்னைநல்லூருக்கு டவுன் பஸ் இருக்கிறது. மழைக்காலத்தில் போகாதீங்க, நவராத்திரிக்கு முன்னாடி போனால் வேலை நடப்பதையே பார்க்கலாம். பொம்மை வாங்கும்போது மூக்கு தரையைத் தொடுகிற அளவுக்குச் சாய்த்துவிட்டுக் கையை எடுங்க. நேராக வந்து நின்றால் நல்ல பொம்மை. பாதியில் யோசித்தால் தலையில் கனம் ஜாஸ்தி, வேறு எடுங்க. கையில் தூக்கிப் பார்த்தால் காகிதக்கூழா பிளாஸ்டரா என்பது தெரிந்துவிடும். கூழ் பொம்மை விலை கொஞ்சம் கூட இருக்கும், பேரம் பேசாதீங்க. கண்ணை யார் வரைஞ்சதுன்னு மட்டும் கேளுங்க.