எரித்தது நான்தான்

காயலான் கடை பாயிடம் நான் சொன்னது பொய். வாங்கும்போதே மோட்டாரில் காயில் போயிருந்தது என்று அடித்துச் சொல்லி, வேறொரு மோட்டாரைக் காசு கொடுக்காமல் வாங்கி வந்தேன். அவர் கொடுத்த மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. கடையிலேயே பேட்டரியில் மாட்டி ஓட்டிக் காட்டித்தான் கொடுத்தார். எரித்தது நான். அதுவும் பாலிடெக்னிக்கில் மோட்டார் பாடம் நடத்திவிட்டு ஓய்வுபெற்ற நான்.

வீட்டுப் பட்டறை வைத்திருப்பவர்களுக்குக் கார் வைப்பர் மோட்டார் ஒரு வரப்பிரசாதம். 12 வோல்ட் டிசி. தொட்டால் ஷாக் அடிக்காது. உள்ளே ஆர்மேச்சர் அசுர வேகத்தில் சுற்றினாலும், வார்ம் கியர் அதைக் குறைத்து வெளித்தண்டில் நிமிடத்துக்கு 40, 45 சுற்றாகக் கொடுக்கும். வேகம் குறைந்த அளவுக்கு முறுக்கு கூடும். கையால் பிடித்து நிறுத்திவிடலாம் என்று யாரும் ஆசைப்பட வேண்டாம். கரண்டை நிறுத்தினால் தண்டு நின்ற இடத்திலேயே நிற்கும். வெளியிலிருந்து திருகினால் லேசில் அசையாது. உள்ளே பிரஷ் மூன்று. இரண்டு நேரெதிரே இருக்கும், மூன்றாவது சற்றுத் தள்ளி இருக்கும். அந்த மூன்றாவதில் கரண்ட் கொடுத்தால் வேகம் 60, 65க்கு ஏறும், இழுவை குறையும். பெருமழையில் நாம் தட்டுகிற இரண்டாவது வேகம் அதுதான். கேட் திறக்க, கோழிக் கூண்டுக் கதவை ஏற்றி இறக்க, கரி அடுப்பின் மேல் கம்பியைச் சுழற்ற என்று எதற்கெல்லாமோ இதை மாட்டுகிறார்கள்.

நான் மாட்டியது ட்ரில்லிங் மெஷினின் மேசைக்கு. மேசையைப் பக்கவாட்டில் நகர்த்தும் திருகுத் தண்டைக் கையால் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை விட்டுப்போயிருந்தது. முதலில் பழைய கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ்.ஸில்தான் இணைத்தேன். சுவிட்சைப் போட்டதும் அது அணைந்துவிடும். மறுபடி போட்டால் மறுபடி அணையும். எரிச்சலில் அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, கார் பேட்டரியைக் கொண்டுவந்து நேரடியாகக் கொடுத்தேன். மோட்டார் ஜம்மென்று ஓடியது.

எஸ்.எம்.பி.எஸ். ஏன் அணைந்தது என்பது எனக்குத் தெரியாததல்ல. மோட்டார் சுற்றும்போதுதான் எதிர் மின்னழுத்தம் உண்டாகிக் கரண்டைக் கட்டுப்படுத்தும். நின்ற நிலையில் அது கிடையாது. வைண்டிங்கின் தடை 0.6 ஓம் என்றால், 12 வோல்ட்டுக்கு 20 ஆம்பியர் பாயும். கிளம்பும் கணத்தில் அது நொடிக்குள் அடங்கிவிடும். மோட்டார் எங்காவது முட்டிக்கொண்டு நின்றுவிட்டாலோ அந்த 20 ஆம்பியர் அப்படியே பாய்ந்துகொண்டிருக்கும். 240 வாட், அத்தனையும் வெப்பமாக, உள்ளங்கையில் அடங்குகிற டப்பாவுக்குள். இந்தக் கணக்கை வகுப்பில் வருஷா வருஷம் போர்டில் போட்டிருக்கிறேன். அதனால்தான் காரில் வைப்பருக்கு ஃப்யூஸ் வைக்கிறார்கள். சில மோட்டார்களுக்கு உள்ளேயே, சூடேறினால் துண்டித்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. நான் ஃப்யூஸ் போடவில்லை. மேசை ஓரத்துக்கு வந்ததும் நிறுத்த லிமிட் சுவிட்சும் வைக்கவில்லை. ஓடவிட்டுவிட்டுக் காபி குடிக்க உள்ளே போனேன்.

வார்னிஷ் கருகும் வாடை கூடத்துக்கு வந்த பிறகுதான் எழுந்தேன். மேசை கடைசிவரை போய் முட்டி நின்றிருந்தது. டப்பாவைத் தொட முடியவில்லை. ஆறிய பிறகு பிரித்துப் பார்த்தேன். தேன் நிறத்தில் இருக்க வேண்டிய கம்பி கறுத்திருந்தது. கம்யூட்டேட்டரில் பிரஷ் உட்கார்ந்திருந்த இடத்துச் செம்புப் பட்டைகள் மட்டும் தீய்ந்து குழிவிழுந்திருந்தன. மற்ற பட்டைகள் பளபளவென்றிருந்தன. சுற்றாமல் நின்றே எரிந்த மோட்டார் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். மாணவன் யாராவது கொண்டுவந்திருந்தால் ஒரே பார்வையில் கண்டுபிடித்துத் திட்டியிருப்பேன். நானோ எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, டப்பாவைத் துணியால் துடைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினேன்.

"என்ன பாய், இப்படிப் பண்ணிட்டீங்க?" என்று ஆரம்பித்ததே நான்தான். அவர் மோட்டாரை வாங்கி மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிரிக்கவில்லை. "நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும். படிச்சவங்க" என்று குவியலிலிருந்து இன்னொன்றை எடுத்து, ஓட்டிக் காட்டிக் கொடுத்தார். அவர் சொன்னது குத்தலா, நிஜமான மரியாதையா என்று நான் யோசிக்காமல் இல்லை. எதுவாக இருந்தாலும் அந்த "சார்" எனக்கு வசதியாக இருந்தது, வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக 10 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டேன். மேசையின் இரண்டு முனையிலும் லிமிட் சுவிட்ச் வைத்தேன். பழுதான சரக்கைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று உண்மையிலேயே நம்புகிறவன் அதையெல்லாம் செய்ய மாட்டான்.

அத்தோடு விட்டேனா என்றால் அதுவும் இல்லை. பார்க்க வந்த பழைய மாணவர்களிடம், "காயலான் கடையில் வாங்கினால் ஜாக்கிரதை, என்னையே ஏமாற்றப் பார்த்தார்கள்" என்று கதை சொன்னேன். பொய்யில் இந்தப் பங்குதான் எனக்கு அதிகமாக உறுத்துகிறது. பாய்க்கு நஷ்டம் ஒரு மோட்டார். பெயர் கெட்டது எத்தனை பேரிடம் என்று எனக்கே கணக்கில்லை. என் பேச்சைக் கேட்டு அந்தக் கடைப் பக்கம் போகாமல் இருப்பவர்கள் போய் வாங்குங்கள். மோட்டாரை ஓட்டிக் காட்டித்தான் கொடுப்பார். அந்த இரண்டாவது மோட்டாருக்கான 400 ரூபாயை நான் இன்னும் அவருக்குக் கொடுக்கவில்லை.