மதிப்பெண்ணும் லயத்து வீடும்: மூணாற்றுப் பெற்றோர் குறித்துச் சில குறிப்புகள்

2025 ஜூலையின் முதல் பத்து நாட்களை, கேரளத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் பெற்றோர் எளிதில் மறக்கமாட்டார்கள். பொறியியல் சேர்க்கைக்கான 'கீம்' நுழைவுத் தேர்வின் தரவரிசை ஜூலை 1 அன்று வெளியானது. ஜூலை 9 அன்று கேரள உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மறுநாள் அரசின் மேல்முறையீடும் தள்ளுபடியாக, பழைய கணக்கீட்டு முறையில் புதிய பட்டியல் அன்றே வந்துவிட்டது. முதல் 100 இடங்களில் இருந்த மாநிலப் பாடத்திட்ட மாணவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அந்த ஆண்டுச் சேர்க்கையில் தலையிட உச்ச நீதிமன்றமும் மறுத்தது.

இந்தச் சிக்கலின் வேர் ஒரு புள்ளியியல் சூத்திரத்தில் இருக்கிறது. 'கீம்' பொறியியல் தரவரிசை 600 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடப்படுகிறது. அதில் 300 நுழைவுத் தேர்வுக்கு. எஞ்சிய 300 பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகிய மூன்று பாடங்களுக்கு. மாநில வாரியம் ஒருவிதமாகவும் மத்திய வாரியம் வேறுவிதமாகவும் மதிப்பெண் வழங்குவதால், ஒவ்வொரு வாரியத்தின் சராசரியையும் திட்டவிலக்கத்தையும் கொண்டு அவை சமன்செய்யப்பட்டு வந்தன. மாநில வாரியத்தின் சராசரி உயர்ந்திருந்தமையால் அதில் படித்தவர்கள் மதிப்பெண் இழந்தனர். இதைச் சீர்செய்ய, ஒவ்வொரு வாரியத்திலும் ஒரு பாடத்தில் பெற்ற உச்ச மதிப்பெண்ணை 100 எனக் கொள்ளும் புதிய முறையை அரசு கொண்டுவந்தது. நோக்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் தேர்வும் மதிப்பெண்ணும் வந்தபின், பட்டியல் வெளியாகும் நாளில்தான் விதி மாற்றப்பட்டது. நீதிமன்றம் ஏற்க மறுத்தது இதைத்தான்.

அந்நாட்களில் களப்பணிக்காக நான் மூணாற்றில் இருந்தேன். ஆய்வு மாணவன் என்பதால் என்னைத் தேடிக் கைபேசியோடு வந்தவர்கள் பலர். கொழுந்தெடுக்கும் தாய் ஒருவர் கேட்டார்: "தம்பி, எம்பொண்ணு ஒரு பரீட்சைதானே எழுதுனா? ரேங்கு மட்டும் எப்படி ரெண்டாச்சு?" சராசரி, வாரியம், சமன்செய்தல் என்று நான் விளக்கிக்கொண்டிருக்கையில் அவரே இடைமறித்தார்: "மழைக்காலத்துல கொழுந்து எடை போடும்போது ஈரத்துக்குன்னு கழிப்பாங்களே, அந்த மாதிரியா?" ஏறத்தாழ அதுவேதான் என்றேன். சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "கழிக்கட்டும். ஆனா எவ்வளவு கழிப்போம்னு எடை போடுறதுக்கு முன்னாடியில்ல சொல்லணும்?"

தீர்ப்பின் சாரத்தை இதைவிடச் சுருக்கமாக எவரும் சொன்னதாக நான் அறியேன். தோட்டத் தொழிலாளர்க்குத் தேர்வு முறைகள் புரியாது என்ற எண்ணம் நம் கல்விப்புலத்தில் ஆழ வேரூன்றியிருக்கிறது. அளவையின் அரசியலை நாள்தோறும் தராசின் முன் நின்று அறிந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு இல்லாதது தகவல். அது கிடைக்கும் வழி பெரும்பாலும் ஒன்றே: பிள்ளை.

நகரத்து நடுத்தர வர்க்கப் பெற்றோர் மதிப்பெண் சான்றைத் தாமே படிக்கிறார்கள். சென்ற ஆண்டின் கட்-ஆஃபோடு ஒப்பிடுகிறார்கள். கோபமோ ஆறுதலோ அதன்பின் வருகிறது. லயத்து வீட்டில் பதினேழு வயதுப் பிள்ளையே தன் மதிப்பெண்ணைப் பெற்றோருக்கு விளக்கவேண்டியிருக்கிறது. தோற்றவளும் அவளே, தோல்வியின் பொருளை எடுத்துச் சொல்லவேண்டியவளும் அவளே. நீட் முடிவில் வரும் 'குவாலிஃபைடு' என்ற சொல் செய்த வேலையை நான் நேரில் கண்டிருக்கிறேன். அச்சொல்லை நம்பி அக்கம்பக்கத்துக்கு மிட்டாய் வழங்கிய வீட்டில், இடம் கிடைக்காது என்பதைச் சொல்ல அந்தப் பெண்ணுக்கு இரண்டு வாரம் ஆயிற்று. 2024 நீட் தேர்வில் தகுதி பெற்றோர் 13 லட்சத்துக்கும் மேல். நாடு முழுவதும் இருந்த எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியவை. தகுதிக்கும் இடத்துக்கும் நடுவிலுள்ள இந்தப் பள்ளத்தை அச்சொல் மறைத்துவிடுகிறது.

அடுத்து எழும் கேள்வி, இன்னோர் ஆண்டு படிக்கவைப்பதா என்பது. இதைப் பண விவகாரமாக மட்டும் பார்ப்பது போதாது. தமிழ்நாட்டில் நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் அளித்த அறிக்கை இங்கே நினைவுகூரத்தக்கது. மருத்துவச் சேர்க்கையில் மறுமுறை எழுதியோரின் பங்கு 2016-17இல் 12.47 விழுக்காடாக இருந்து 2020-21இல் 71.42 விழுக்காடாக உயர்ந்ததை அது காட்டியது. அதாவது, ஓராண்டைக் காத்திருக்கக்கூடிய குடும்பங்களுக்கான தேர்வாக இது மாறிவிட்டது.

மூணாற்றில் அந்த ஓராண்டுக்கு வேறொரு விலையும் உண்டு. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. தாயோ தந்தையோ ஓய்வுபெற்றால், குடும்பத்தில் வேறொருவர் தோட்ட வேலைக்குப் பெயர் கொடுத்தாலன்றி வீட்டைக் காலிசெய்ய வேண்டும். ஆகவே "இன்னொரு தடவை எழுதட்டுமா?" என்று மகள் கேட்கும்போது, தன் பணிக்காலத்தில் எத்தனை மாதம் மிச்சம் என்று தாய் எண்ணிப் பார்க்கிறாள். மகளின் ஆயத்த ஆண்டும் தாயின் இறுதிப் பணியாண்டும் ஒன்றாக வந்துவிட்டால், மூத்தவன் படிப்பை விட்டுத் தோட்டத்தில் பெயர் கொடுக்கிறான். ஒருவரின் மதிப்பெண்ணுக்குள் மற்றொருவரின் படிப்பு இப்படிக் கழிக்கப்பட்டிருப்பதை எந்தச் சமன்செய்யும் சூத்திரமும் கணக்கில் கொள்வதில்லை.

மதிப்பெண் போதுமான அளவு வந்தாலும் சான்றிதழ் என்ற அடுத்த தேர்வு காத்திருக்கிறது. இதை எழுதவேண்டியவர்கள் பெற்றோர். பட்டியல் சாதியினர் குறித்த குடியரசுத் தலைவர் ஆணை 1950இல் வந்தது. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாக உள்ளவர் மற்றொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அத்தகுதி உடன்வராது என்பது 1990ஆம் ஆண்டின் மரி சந்திரசேகர ராவ் வழக்கிலிருந்து நிலைபெற்ற சட்டம். விளைவாக, தம் முன்னோர் 1950க்கு முன்பே இம்மலையில் வாழ்ந்தனர் என்று குடும்பங்கள் மெய்ப்பிக்கவேண்டியிருக்கிறது. தேவிகுளம் சட்டமன்ற உறுப்பினரின் தேர்தல் வழக்கிலேயே அவருடைய முன்னோர் எப்போது வந்தனர் என்ற கேள்வி எழுந்தது. 2023இல் உயர் நீதிமன்றம் அத்தேர்தலைச் செல்லாது என்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. ஒரு சட்டமன்ற உறுப்பினர்க்கே உச்ச நீதிமன்றம்வரை போகவேண்டியிருந்தது என்றால், பாட்டியின் பெயரைத் தேடி ஒருநாள் கூலியை விட்டுத் தாலுகா அலுவலகத்தில் நிற்கும் தகப்பனின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை.

மலைக்கு அப்பால் தமிழ்நாடு இருக்கிறதே என்று தோன்றலாம். தமிழ்நாடு 2020இல் மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கியது. போற்றத்தக்க சட்டம். ஆனால் அது ஆறாம் வகுப்பு முதல் தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் பயின்றவர்க்குரியது. அதே தமிழில், அதே வறுமையில், கேரள அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு அது எட்டாது. பிள்ளையைச் சிறுவயதிலேயே போடிக்கோ தேனிக்கோ அனுப்பும் பெற்றோர், மொழிப்பற்றால் மட்டும் அதைச் செய்வதில்லை. பத்து வயதில் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போதே பதினெட்டு வயதில் எந்த மாநிலத்தின் பட்டியலில் நிற்கவேண்டும் என்பதையும் முடிவுசெய்கிறார்கள்.

தமிழில் தேர்வெழுதுவதும் முழுப் பாதுகாப்பாக அமைந்ததில்லை. 2018 நீட் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களின் மொழிபெயர்ப்பு பிழையானது என்று கண்டு, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் வழங்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலர்க்கு அவ்வாண்டு கேரளத்தில் மையம் ஒதுக்கப்பட்டது. திருத்துறைப்பூண்டிப் பகுதியிலிருந்து மகனைத் தேர்வெழுத எர்ணாகுளம் அழைத்துச் சென்ற தந்தை, மகன் உள்ளே எழுதிக்கொண்டிருக்கையில் மாரடைப்பால் உயிரிழந்தார். தேர்வைப் பற்றிய நம் ஆய்வுகளில் வளாகத்துக்கு வெளியே காத்திருக்கும் இந்த மனிதர்கள் அரிதாகவே இடம்பெறுகிறார்கள்.

இவ்வளவும் எழுதியது நுழைவுத் தேர்வே வேண்டாம் என்று வாதிட அன்று. அந்த விவாதம் தனியே நடக்கட்டும். நம்மால் இப்போதே செய்யக்கூடியவை இரண்டு உண்டு. ஒன்று, தரவு. ராஜன் குழுவின் அறிக்கை விவாதத்தை மாற்றியதற்குக் காரணம், பயிற்றுமொழி, மறுமுறை எழுதுதல், குடும்ப வருமானம் எனப் பகுத்த எண்கள் அதில் இருந்தமையே. தேவிகுளம், பீருமேடு வட்டங்களின் தமிழ்வழி மாணவர்கள் எத்தனை பேர் நுழைவுத் தேர்வு எழுதுகிறார்கள், எத்தனை பேர் இடம் பெறுகிறார்கள் என்று இவ்வாறே பகுத்து வெளியிடுமாறு கேரளத்தின் கல்வி ஆய்வாளர்கள் கோரவேண்டும்.

மற்றொன்று இன்னும் எளியது. தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகங்களுக்கு வந்திருக்கும் நாம் முடிவு வெளியாகும் வாரத்தில் ஊரில் இருக்கலாம். மதிப்பெண், சதமானம், தரவரிசை, ஒதுக்கீட்டுப் பிரிவு ஆகியவை தனித்தனியே எதைக் குறிக்கின்றன என்பதைப் பெற்றோரிடம் நேரில் சொல்லலாம். அப்படிச் சொல்லும்போது பிள்ளை அடுத்த அறையில் இருக்கட்டும். தன் தோல்வியைத் தானே விளக்கிச் சொல்லும் பாரத்திலிருந்து அந்த ஒரு வாரமாவது அவளுக்கு விடுதலை கிடைக்கும்.