மல்லாந்து கிடப்பவர்

பிரிஸ்டல் துறைமுகத்தில் சரக்குக் கொட்டகையாக இருந்த கட்டடம் இப்போது எம் ஷெட் அருங்காட்சியகம். வாசலில் பழைய பாரந்தூக்கிகள் நான்கு, கழுத்தை நீட்டிக்கொண்டு வேலையில்லாமல் நிற்கின்றன. 2021 ஜூன். உள்ளே போக முன்பதிவுச் சீட்டும் முகக்கவசமும் வேண்டும். கவசம் எனக்கு வசதி. பேசாமல் ஒரு மூலையில் நிற்பவனை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை.

அவர் மல்லாந்து கிடக்கிறார். அடியில் மரக்கட்டைகளை அண்டக் கொடுத்திருக்கிறார்கள். எட்டரை அடிக்குச் சற்று மேலான உயரம். இப்போது நீளம் என்று சொல்ல வேண்டும். கையில் இருந்த தடியைக் காணோம். வெண்கல உடம்பெங்கும் சிவப்பும் நீலமுமாகச் சாயம்.

எட்வர்ட் கோல்ஸ்டன். 1721இல் இறந்தவர். பள்ளிகளுக்கும் ஏழை விடுதிகளுக்கும் வாரிக் கொடுத்த வள்ளல் என்று 1895இல் ஊர் நடுவே சிலை வைத்தார்கள். பீடத்தில் அவரைப் புகழ்ந்த எழுத்தில் பணம் எங்கிருந்து வந்தது என்ற பேச்சே இல்லை. ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியின் நிர்வாகிகளில் ஒருவராக அவர் இருந்த ஆண்டுகளில் மட்டும் 84,000 ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கப்பலேற்றியதாகக் கணக்கு. அவர்களில் சுமார் 19,000 பேர் கரை காணவில்லை. உண்மையைச் சொல்லும் இன்னொரு பலகையைப் பீடத்தில் பொருத்தலாம் என்று பிறகு பேச்சு எழுந்தது. எந்தச் சொல்லைப் போடுவது, எதை எடுப்பது என்று இழுத்தடித்ததில் பலகை கடைசிவரை ஏறவேயில்லை.

2020 மே 25இல் அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் பிடியில் கொல்லப்பட்டார். ஜூன் 7இல், அதைக் கண்டித்து நடந்த ஊர்வலத்தில், இங்கே சிலைமேல் கயிறு விழுந்தது. இழுத்துச் சாய்த்து, துறைமுகத் தண்ணீரில் தள்ளினார்கள்.

ஐந்து வயது இருக்கும், ஒரு பையன் சிலையின் தலைப்பக்கம் போய் நிற்கிறான்.

“அப்பா, இவர் தூங்குறாரா?”

“இல்லப்பா. விழுந்துட்டார்.”

“தானாவே விழுந்தாரா?”

தகப்பன் சுவரைப் பார்க்கிறார். அன்றைய ஊர்வலத்தின் அட்டைகள் அங்கே மாட்டப்பட்டிருக்கின்றன. பழுப்பு அட்டைப்பெட்டியைக் கிழித்து, தடித்த பேனாவால் அவசரமாக எழுதியவை. “வா, அதைப் படிக்கலாம்” என்று பையனின் கையைப் பிடிக்கிறார். பையன் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போகிறான்.

வெள்ளைக்கார முதியவர் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறார். மரியாதைக்கா, புழுக்கத்துக்கா, தெரியவில்லை. கல்லூரிப் பெண்கள் இருவர் சிலையின் காலடியில் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். எடுத்ததைப் பார்த்துவிட்டு, சிரித்த முகம் பொருந்தவில்லை போலும், சிரிக்காமல் இன்னொன்று எடுக்கிறார்கள். நூற்றிருபத்தைந்து வருஷம் நின்றபோது அவருக்குக் கீழே பேருந்துக்குக் காத்திருந்தவர்களில் எத்தனை பேர் நிமிர்ந்து பார்த்திருப்பார்கள்?

எனக்கு அந்தச் சாயத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. நான்கு நாள் தண்ணீரில் கிடந்தவரைத் தூக்கியபோது உள்ளே சேறு அடைத்திருந்தது. சேற்றைக் கழுவினால் சாயமும் கூடவே போய்விடும் நிலை. அருங்காட்சியகப் பராமரிப்பு வல்லுநர்கள் சேற்றைக் கழுவி, சாயத்தை உதிராமல் நிறுத்தினார்கள். ஒரு பொருளை அதன் அசல் நிலைக்குக் கொண்டுபோவதுதான் இவர்கள் தொழில் என்று நினைத்திருந்தேன். இவருக்கு எது அசல்? 1895இன் பளபளப்பா, அந்த ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமையா? அருங்காட்சியகம் யாரையும் கீழே தள்ளவில்லை. தெரு செய்து முடித்ததற்குப் பிறகு வந்து அள்ளிச் சேர்த்தது, அவ்வளவுதான். ஆனால் அள்ளும்போது எதைத் துடைக்காமல் விட்டது என்பதில் அதன் நிலைப்பாடு தெரிகிறது.

கழுவும்போது உள்ளேயிருந்து ஒரு சைக்கிள் டயர் வந்தது. கூடவே சுருட்டிச் செருகிய 1895ஆம் வருஷத்துப் பத்திரிகை ஒன்று. சிலையை நிறுத்திய தொழிலாளிகள் அதில் தங்கள் பெயர்களை எழுதி ஒளித்து வைத்திருந்தார்கள். பெயரை எங்காவது விட்டுப் போக வேண்டும் என்ற ஆசை யாருக்குத்தான் இல்லை. கப்பலேறியவர்களின் மார்பில் கம்பெனியின் முத்திரையைக் காய்ச்சிச் சுட்டார்கள். இந்த ஊர் பெயரோடு நினைவில் வைத்திருக்கும் அடிமைகள் மிகச் சிலர். அவர்களில் ஒருவர் நெவிஸ் தீவிலிருந்து வந்த பெரோ. அவர் பெயரில் இங்கே ஒரு நடைபாலம் இருக்கிறது. கோல்ஸ்டனை உருட்டிக்கொண்டு போய் அதன் பக்கத்தில்தான் தண்ணீரில் தள்ளினார்கள். திட்டம் போட்டுச் செய்தார்களா, தெரியவில்லை.

சற்றுத் தள்ளி ஒரு கறுப்பினப் பாட்டி உட்கார்ந்திருக்கிறார். மடியில் கைப்பை. நான் வந்ததிலிருந்து அவர் சிலையைப் பார்க்கவே இல்லை. சிலையைப் பார்க்க வருகிறவர்களைப் பார்க்கிறார். செல்ஃபிப் பெண்களை, தொப்பிக்காரரை, பையனை. பிறகு என்னை. நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

எழுந்து காவலாளியிடம் போகிறார்.

“இவரைத் திரும்பவும் நிறுத்தப் போறீங்களா?”

“முடிவாகலைம்மா. என்ன செய்யலாம்னு உங்களைத்தான் கேக்கறாங்க” என்று கருத்துக்கேட்புப் படிவத்தைக் காட்டுகிறார்.

கிட்டத்தட்ட 14,000 பேர் பதில் எழுதினார்கள். பிரிஸ்டல்வாசிகளில் ஐந்தில் நான்கு பேர் அருங்காட்சியகத்திலேயே இருக்கட்டும் என்றார்கள். 2024 முதல் அவர் இங்கேயே நிரந்தரமாக இருக்கிறார், சாயத்தோடு, படுத்தபடி. அதெல்லாம் பின்னால் நடந்தது.

அன்று பாட்டி கைப்பையைத் திறந்து மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்தார். படிவத்தை முதல் வரியிலிருந்து படித்தார். பேனாவை வாங்கியவர், எழுதத் தொடங்குமுன் முதல் தடவையாகத் திரும்பி அவரைப் பார்த்தார்.