அரித்துக் கண்ட கறுப்பு

அரிசி அரிக்கத் தெரிந்த கைக்குக் கனிய மணல் அரிக்கப் பாதி தெரியும். அம்மா அரிக்கன் சட்டியைச் சாய்த்து ஆட்டுவாள்; அரிசி நீரோடு வழியும், கல் அடியில் தங்கும். மணல் மாதிரி பார்க்கும் வேலையில் இத்தனை வருடமாக நானும் அதைத்தான் செய்கிறேன். அம்மா அரிசிக்காக அரித்தாள், நான் கல்லுக்காக அரிக்கிறேன்.

போன வாடை ஓய்ந்த பிறகு, திருகோணமலைச் சாம்பல்தீவுக் கரையில் சட்டியோடு குந்தியிருந்தபோது அக்காவின் மகன் கேட்டான்:

"ஏன் மாமா, புல்மோட்டையில குவிஞ்சு கிடக்கிற கறுப்பு மண் எங்கட கரையில இல்லை?"

வாயால் சொல்லாமல் சட்டியை அவனிடம் கொடுத்தேன்.

முதலில் சேற்றைப் பிசைந்து கழுவ வேண்டும். கலங்கல் நீர் பொடி மணிகளையும் தூக்கிக்கொண்டு போய்விடும். எண்ணெய்க் கை ஆகாது. எண்ணெய் பட்ட மணி, பாரமானதென்றாலும் நீர்மேல் மிதக்கும். கடைசியில் விரலாழ நீரில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, மெல்லச் சாய்த்து ஒற்றை அலையை ஓடவிட வேண்டும். வெள்ளை மணலான குவாட்சு நீரைவிட 2.65 மடங்கு பாரம், கறுப்பு மணலான இல்மனைட் ஏறத்தாழ 4.7 மடங்கு. வெள்ளை முன்னே ஓடும், கறுப்பு பின்தங்கும்.

கடலும் இப்படித்தான் அரிக்கிறது. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கொண்டுவானாக் கண்டம் ஒட்டிச் சேர்ந்த காலத்தில், ஆழத்து வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறியவை நம் மலைநாட்டுப் பாறைகள். வெயிலும் மழையும் அவற்றை உடைத்தன. களிக்கல் களிமண்ணாகிக் கரைந்தது. இல்மனைட்டும் றூட்டைலும் சிர்க்கோனும் கரையாமல் ஆற்றோடு வந்தன. வாடைக் காலத்து அலை எல்லாவற்றையும் கரையேற்றி, திரும்பும்போது இலேசானதை இழுத்துக்கொள்ளும். பாரமான பொடி மணி படிந்து கிடக்கும். மேற்கே கடலுக்கு அப்பால், தென்னிந்தியாவின் மணவாளக்குறிச்சியிலும் சவறையிலும் இருப்பது இதே பாறைக் குடும்பத்தின் மணல்தான்.

ஆனால் பாறை ஒன்றானால் போதாது. ஆறு, நீரோட்டம், கரையின் வளைவு, காற்று எல்லாம் ஓரிடத்தில் நெடுங்காலம் ஒத்துழைக்க வேண்டும். மகாவலி ஆறும் மலைநாட்டு மணலைத்தான் கொட்டியாரக் குடாவுக்குக் கொண்டுவருகிறது. குடாவின் அடியிலோ பெரும் கடற்பள்ளத்தாக்கு. அதற்குள் இறங்கிய மணல் திரும்பிக் கரையேறாது. வடக்கே புல்மோட்டையில் இவை எல்லாம் கூடிவந்தன. பூமியின் மேலோட்டில் தைத்தேனியம் நிறையில் அரை வீதத்துக்குச் சற்றே மேல். அந்தக் கரையிலோ மணலில் பாதிக்கு மேலேயே பாரக் கனியங்கள், அவற்றில் பெரும்பங்கு தைத்தேனியம் தரும் இல்மனைட். 1957இல் கனிய மணல் கூட்டுத்தாபனம் தொடங்கியது அதை நம்பித்தான்.

அதனால்தான் புல்மோட்டைக் கரையில் ஒரு வண்டி மணல் ஏறும்போது எனக்கு மனம் கனக்கும். ஏற்றுவதற்கு ஒரு பொழுது போதும். அரித்துச் சேர்க்கக் கடலுக்கு எத்தனையோ ஆயிரம் வாடை வேண்டியிருந்தது. எடுப்பவர் எடுக்கட்டும், ஆனால் இந்தக் கணக்குத் தெரிந்து எடுக்கட்டும்.

மருமகன் கடைசி அலையையும் ஓடவிட்டுவிட்டான். சட்டியின் ஓரத்தில் நகக்கண் அளவு கறுப்புக் கோடு.

"கிடக்குது மாமா, கொஞ்சூண்டு."

"கொஞ்சூண்டுதான் தம்பி எல்லா இடத்திலயும் கிடக்கிற அளவு. கூடக் கிடக்கிற இடத்தைத்தான் ஏனெண்டு கேக்கோணும்."

அவன் அந்தக் கோட்டைக் கொட்டாமல் கடதாசியில் மடித்து வைத்துக்கொண்டான்.