விமானம் ஓடும்போதே கிளம்பிவிடுங்கள்

2022 பிப்ரவரி 15 அன்றே உக்ரைனின் கீவ் நகரிலுள்ள நம் தூதரகம் சொன்னது: தங்கியே ஆகவேண்டிய அவசியமில்லாத இந்தியர்கள், முக்கியமாக மாணவர்கள், தற்காலிகமாக வெளியேறுவதைப் பரிசீலிக்கலாம். ஆனால் கல்லூரிகளில் நேரடி வகுப்பு நடந்துகொண்டிருந்தது. டிக்கெட் விலையும் ஏறிவிட்டது. பலர் தங்கிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அறிவிப்பு இன்னும் அழுத்தமாக வந்திருக்கவேண்டும்.

24ஆம் தேதி உக்ரைன் மீது ரஷ்யாவின் போர் தொடங்கி வான்வெளி மூடப்பட்டது. மார்ச் 1, கார்கிவ் நகரில் சாமான் வாங்க வெளியே போன கர்நாடக மாணவர் ஒருவர் குண்டுவீச்சில் இறந்தார். மறுநாள் அங்கிருந்த இந்தியர்களுக்குத் தூதரகத்திடமிருந்து வந்த உத்தரவைப் படித்தபோது நெஞ்சு பதறியது: வண்டி கிடைக்காவிட்டால் நடந்தாவது மாலை 6 மணிக்குள் பிசோச்சின், பபாய், பெஸ்லியுடிவ்கா ஆகிய பக்கத்து ஊர்களுக்குப் போய்ச் சேருங்கள். 11 முதல் 16 கிலோமீட்டர், அந்தக் குளிரில்.

பதற்றமான நாடுகளில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோரே, செமஸ்டர் போனால் போகட்டும். சாதாரண விமானம் ஓடும்போதே வரச்சொல்லுங்கள். வரமுடியாதவர்கள் தூதரகத்தில் இன்றே பெயரைப் பதியட்டும். பாஸ்போர்ட்டும் கொஞ்சம் ரொக்கமும் கைப்பையிலேயே இருக்கட்டும். தூதரகத்திடம் கேட்காமல் எல்லையை நோக்கித் தனியாகப் புறப்படவேண்டாம்.