அரைக் கிலோ சீனி

அக்கா இறந்து ஒன்பது மாதம் ஆன பிறகும் ரேஷன் கடையில் எங்களுக்கு இரண்டு கிலோ சீனி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு அரைக் கிலோ, கார்டுக்கு அதிகபட்சம் 2 கிலோ. வீட்டில் இருப்பது மூன்று பேர்.

அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கிறார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே ஷிப்டுக்குப் போய்விட்டார். சங்கு ஊதுவதற்குள் மில்லில் இருப்பது அவருக்கு முப்பது வருடப் பழக்கம். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இந்த மனுஷனால எப்படிச் சாப்பிட முடியுது, சைக்கிளுக்குக் காத்தடிக்க முடியுது என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். நானோ அக்கா கடைசியாக அனுப்பிய வாய்ஸ் மெசேஜைத் திரும்பத் திரும்பக் கேட்டு அழுதுகொண்டிருந்தேன். என் துக்கம் மட்டும்தான் துக்கம் என்ற நினைப்பு.

ஒருநாள் சீனிப் பையை இறக்கி வைத்தவரிடம் கேட்டேவிட்டேன். "செத்துப்போனவ பேர்ல சீனி வாங்கித் திங்கிறோமே, அசிங்கமா இல்லையாப்பா? பேரை எடுத்துற வேண்டியதுதானே?"

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மாதான் அடுப்படியிலிருந்து சொன்னாள். "ரெண்டு தடவ பாரம் வாங்கிட்டு வந்தாரு. ரெண்டையும் பீரோவுல வச்சுப் பூட்டிட்டாரு."

ஆடிப்பூரத் தேரோட்டம் முடிந்து கூட்டம் குறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, "ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் போயிட்டு வருவமா?" என்றார். பஸ்ஸில் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம்தான். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பால்கோவா கடைகளைப் பார்க்காத மாதிரியே நடந்தோம். அக்காவுக்கு அது உயிர்.

ஆண்டாளின் இடது கையில் அன்றைய கிளி இருந்தது. இலைகளால் தினமும் புதிதாகச் செய்வார்கள், மாதுளம்பூவில் அலகு வைப்பார்கள். நேற்றைய கிளி இன்றைக்குக் கிடையாது. தரிசனம் முடிந்து நந்தவனத்துப் பக்கம் உட்கார்ந்திருந்தபோது அப்பா கேட்டார்.

"எல்லாரும் ஆண்டாள் கல்யாணம்னுதான் பேசுறாங்க. பொண்ண ஸ்ரீரங்கத்துல விட்டுட்டு அந்தத் தகப்பனாரு தனியாத்தான ஊருக்கு வந்திருப்பாரு? மறுநாள் என்ன செஞ்சிருப்பாரு?"

எனக்குப் பதில் தெரியவில்லை.

"பூப்பறிச்சு மாலை கட்டுறதுதான் அவரு வேலை. விடிஞ்சதும் நந்தவனத்துக்குத்தான் போயிருப்பாரு. செடிக்குத் தண்ணி ஊத்தணும்ல."

கொஞ்ச நேரம் கழித்து, "சீனிக்காக இல்லய்யா. கார்டுலயாவது நாலு பேரா இருப்போமேன்னுதான்" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

பிறகு பெரியாழ்வார் திருமொழியைத் தேடி வாசித்தேன். மூன்றாம் பத்தில், மகள் போய்விட்ட வீட்டில் ஒரு தாய் புலம்பும் பாசுரங்கள் இருக்கின்றன. போன இடத்தில் மாமியார் அவளை நன்றாக வைத்துக்கொள்வாளா என்றெல்லாம் அந்தத் தாய்க்குக் கவலை. அவர் ஆண்டாளை நினைத்துத்தான் பாடினார் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. தகப்பனாக நின்று சொல்ல முடியாததைத் தாயின் குரலில் சொல்லியிருக்கிறார். என் அப்பாவுக்குப் பாட்டு வராது. அவருக்கு ஷிப்டு இருந்தது.

தீபாவளிக்கு முன்பு ஒருநாள் அவராகவே இறப்புச் சான்றிதழை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார். போனில் விண்ணப்பத்தை நிரப்பினேன். பெயர் நீக்கத்துக்குக் காரணம் கேட்ட இடத்தில் 'இறப்பு' என்று தேர்ந்தெடுத்தேன். கடைசிப் பொத்தானை அழுத்த என்னால் முடியவில்லை. அப்பா போனை வாங்கி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அழுத்தினார். பிறகு சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு மில்லுக்குக் கிளம்பினார்.

அதற்கடுத்த மாதம் ஒன்றரைக் கிலோ போட்டார்கள். அம்மா டப்பாவில் கொட்டினாள். முக்கால் டப்பாதான் நிறைந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், மூடியை அழுத்தி மூடிவிட்டு, "காபி போடவா?" என்றாள்.